அழைப்பும் சஹனும்

லூக்காவின் சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தில், ஈஸா நபி (அலை) சொன்னதாக ஒரு விருந்துக் கதை வருகிறது. அழைக்கப்பட்டவர்கள் சாக்குச் சொல்கிறார்கள். ஒருவன் வயல் வாங்கியிருக்கிறான், ஒருவன் ஏர்மாடு வாங்கியிருக்கிறான், மற்றவன் புதுமாப்பிள்ளை. வீட்டுக்காரர் தெருவிலுள்ள ஏழைகளையும் ஊனமுற்றோரையும் கூப்பிடச் சொல்கிறார். அப்போதும் இடம் மிச்சம். வேலியோரத்தில் நிற்பவர்களையும் கூட்டிவரச் சொல்கிறார்.

இந்த இடத்தில் ஆங்கில வேதாகமம் ‘கட்டாயப்படுத்து’ என்று பொருள்படும் சொல்லைப் போடுகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருப்பது ‘வருந்தி’. பலவந்தம் தமிழில் மன்றாட்டாகிவிட்டது. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்று ஓதி வளர்ந்த எனக்குத் தமிழ்ச் சொல்லே பிடித்திருக்கிறது.

சாக்குச் சொன்ன முதல் இருவரும் சொத்துள்ளவர்கள். ஊவாத் தோட்டத்து மனிதருக்கு வயலும் இல்லை, ஏர்மாடும் இல்லை. குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம். இந்தக் கதை அவர்களுக்காகவே சொன்னது போலிருக்கும். 1854இல் இலங்கையில் தொடங்கிய மிஷனின் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அது தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைத்து எழுத்தறிவு கொடுத்தது. அந்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தவர்களில் துரைமாரும் இருந்தார்கள். தொழிலாளியை லயத்தில் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். எல்லோருக்குமான அழைப்பு, ‘கூலி’ என்ற பெயரோடு லயத்துக்குப் போனது. குறை கதையில் இல்லை. கொண்டுபோனவர்கள் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கதையில் வருகிறவர்கள் அதே வீட்டுக்குள் வருகிறார்கள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. தஃவா என்றாலும் அழைப்புத்தானே? வாப்பாவுக்குப் பதுளையில் சில்லறைக் கடை. தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் வந்து கடன் கட்டுவார்கள். ராத்தாவின் கல்யாணத்துக்கு அவர்களையும் சொல்லியிருந்தோம். வந்தார்கள். எங்களவர்கள் சஹனைச் சுற்றி ஆறாறு பேராக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் தனித்தனிப் பீங்கான். “அவங்களுக்கு அதுதான் வசதி மகன்” என்றார் வாப்பா. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம்முடைய தஃவா நூல்கள் இஸ்லாத்தின் சமத்துவத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஜும்ஆவின் ஸஃப்பில் அது உண்மைதான். ஆனால் தோட்டத்து மனிதர் நம்மைப் பார்ப்பது ஸஃப்பில் அல்ல, கடையிலும் கல்யாண வீட்டிலும். மிஷனைப் பற்றி எழுதும் நம் ஆய்வாளர்கள் அதே கேள்வியை நம் கல்யாண வீடுகளிலும் கேட்கட்டும்: கூப்பிட்டவரை எங்கே உட்கார வைத்தோம்?