கழியும் திரையும்: பழவேற்காட்டு மீனவரும் பொது ஊடகங்களும்

நெய்தல் நிலமும் அந்நிலத்து மக்களும் தமிழிலக்கியத்தில் பெற்றுள்ள இடம் பெரிது. சங்கச் சான்றோர் பாடிய அந்நிலத்து மக்களைக் கடந்த அறுபது ஆண்டுகளாகத் திரைப்படமும் நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும் எவ்வாறு காட்டி வந்துள்ளன என்பது ஆராயத்தக்க பொருளாகும். இதனைச் செய்தித்துறையினர்க்கே உரிய ஆராய்ச்சி என்று தமிழ்த்துறையினர் ஒதுக்குதல் பொருந்தாது. ஒரு மக்கட் குழுவைச் சொல்லாலும் காட்சியாலும் புனைந்து காட்டும் மரபு எதுவாயினும் அது திறனாய்வுக்கு உட்பட்டதே. ஈண்டு யாம் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்களை உரைகல்லாகக் கொண்டு அம்மரபினை ஆராய்கின்றோம்.

தொல்காப்பியர் அகப்பொருட் செய்யுளின் அடிப்படையாக நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டினையும் கூறி, இவ்விரண்டும் இயைந்ததனைப் புலனெறி வழக்கம் என்றார். கற்பனை நயம்படப் புனைவது நாடக வழக்கு. உலகில் உள்ளவாறு உரைப்பது உலகியல் வழக்கு. இவ்விரண்டனுள் ஒன்று மட்டும் நின்றால் புலனெறி வழக்கம் ஆகாது. பொது ஊடகங்கள் மீனவரைக் காட்டும் முறையில் நாடக வழக்கு ஓங்கி நிற்க, உலகியல் வழக்குத் தேய்ந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நெய்தல் மரபின் நுட்பம்

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என வகுக்கப்பட்டது. ஆயினும் அவ்வொரு மெய்ப்பாட்டினுள் மக்கள் கரைந்து போகவில்லை. பிற்கால இலக்கணமாகிய நம்பியகப்பொருள் நெய்தல் மக்களைக் கூறுமிடத்து நுளையர், பரதர், அளவர் எனப் பிரித்தே கூறுகின்றது. மீன் பிடிப்போர் வேறு, உப்பு விளைப்போர் வேறு என்ற தொழில் வேறுபாடு அப்பெயர்களில் காக்கப்பட்டுள்ளது. கடல் மட்டுமன்றிக் கழியும் கானலும் உப்பளமும் பாட்டில் இடம்பெற்றன. முழுமதி நாளில் கடல்மேற் செல்லாது பரதவர் விழாக் கொண்டாடுவதும், சுறவின் கொம்பை நட்டு வழிபடுவதும் பட்டினப்பாலையால் நாம் அறிவன.

நற்றிணையின் 45ஆம் பாட்டு இங்குச் சிறப்பாக எண்ணத்தக்கது. தேரேறி வரும் செல்வர் மகனை நோக்கித் தோழி பேசுகின்றாள். தலைவி மீன் பிடிக்கும் பரதவர் மகள் என்றும், சுறாமீனின் துண்டங்களை உலர்த்திப் பறவை ஓட்டுவது தம் தொழில் என்றும், தம் மேனி புலால் நாறும் என்றும் கூறி அவனை விலகி நிற்கச் சொல்கின்றாள். இதில் தாழ்வுணர்ச்சி இல்லை. தம் தொழிலைத் தாமே எடுத்துரைக்கும் பெருமிதமே உள்ளது. உலர்த்தும் தொழிலும் புலால் நாற்றமும் காதற் பாட்டுக்குத் தடையாகவில்லை. அவையே பாட்டின் பொருளாயின. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்த நிலைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பழவேற்காட்டின் உலகியல்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்திலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கின்றது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்கும். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணரும். இந்நீர்க் கலப்பே இறாலும் நண்டும் மடவையும் பெருகுவதற்கு ஏதுவாகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் ஏரியின் வளம் குன்றும். ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகளுக்கும் வழி அடைபடும்.

இவ்வூர்களின் மீன்பிடி முறையில் தலையாயது ‘பாடு’ எனப்படுவது. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீர்ப்பகுதிகளில் கழிகளை ஊன்றி வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்து கொள்வதே அது. ஒருவரே நல்ல இடத்தை என்றும் பற்றிக் கொள்ளாதவாறு உரிமை சுழன்று வரும். ‘பாடு’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. உழைப்பு, துன்பம் என்னும் பொருள்களோடு, வலையில் படுவது என்னும் பொருளும் அதற்குண்டு. கிடைத்த மீனின் அளவை ‘மீன்பாடு’ என்பது கடற்கரை வழக்கு. குலுக்கலில் தமக்குப் படும் பங்கும் பாடே. தொழிலும் ஊழும் உரிமையும் ஒரு சொல்லில் அடங்கின.

எனினும் இம்முறையை மாசற்ற பொதுவுடைமை என்று போற்றுதல் தகாது. பாட்டுரிமை மரபாகப் பட்டினவர் குலத்து ஆடவர்க்கே உரியதாக இருந்து வந்துள்ளது. பெண்டிர்க்கு அதில் பங்கில்லை. அதே ஏரியை நம்பி வாழும் ஆதிதிராவிட மக்களும் இருளரும் அதற்குப் புறத்தே நின்றனர். இருளர் ஆழமில்லா நீரில் இறங்கி, வலையும் படகும் இன்றிக் கையால் தடவி இறால் பிடிப்பர். ஆகவே ‘மீனவர்’ என்னும் ஒரு சொல்லின்கீழ் உரிமையுடையாரும் இல்லாரும், கடலிற் செல்வோரும் கழியில் நிற்போரும், பிடிப்போரும் விற்போரும் அடங்குகின்றனர்.

திரைப்படம் காட்டும் மீனவர்

தமிழ்த் திரையில் மீனவ வாழ்வை நிலைபெறச் செய்த படம், 1964இல் தி. பிரகாஷ்ராவ் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘படகோட்டி’ ஆகும். இரு மீனவக் குழுக்களிடையே பகை; அப்பகையை வளர்த்துப் பயன்கொள்ளும் செல்வன்; இரண்டையும் இணைக்கும் வீரன் என்பது அதன் அமைப்பு. இப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுதல் நடுநிலையன்று. மீனவரின் வறுமைக்கு ஊழைக் காரணமாக்காது, சுரண்டுவோனைக் காரணமாகக் காட்டியது அதன் சிறப்பு. கடற்கரை மக்கள் தம்மைத் திரையில் தலைவராகக் கண்ட மகிழ்ச்சியும் பொய்யன்று.

ஆயினும் அதன் குறையும் அமைப்பிலேயே உள்ளது. கொடியவன் ஒருவன் ஒழிந்தால் துன்பம் ஒழியும் என்பது நாடக முடிவு. குழுக்களுக்கிடையே உள்ள பிரிவு அவன் மூட்டிய பொய்ப் பகையாகவே காட்டப்படுகின்றது. பழவேற்காட்டில் உள்ளது போல் உரிமையில் வேரூன்றிய பிரிவு அங்கு இல்லை. 1977இல் வந்த ‘மீனவ நண்பன்’ என்னும் படத்தின் பெயரே கருதத்தக்கது. அவ்வாண்டிலேயே எம்.ஜி.ஆர். முதலமைச்சரும் ஆனார். பெயரில் முன்னிற்பவன் மீனவன் அல்லன்; அவனுக்கு நண்பனாக வருபவனே. நற்றிணைத் தோழி தன் குடியைத் தானே எடுத்துரைத்தாள். இங்கோ குடிக்காகப் பேசுபவன் ஒருவன் தேவைப்படுகின்றான்.

மலையாளத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய ‘செம்மீன்’ புதினமும், ராமு காரியாட் 1965இல் இயக்கிய படமும் வேறொரு வார்ப்பைத் தந்தன. கரையில் இருக்கும் மனைவியின் கற்பே கடலிற் சென்ற கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கை அக்கதையின் உயிர். குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கம் பெற்ற அப்படத்தின் கலைச்சிறப்பை யாம் மறுக்கவில்லை. ஆனால் மீனவப் பெண் என்றால் விதியாற் பிணிக்கப்பட்டவள் என்னும் எண்ணத்தை அது நெடுந்தொலைவு பரப்பியது. மீனைத் தரம் பிரித்து, ஏலத்தில் விலை பேசி, கூடை சுமந்து விற்றுக் குடும்பத்தின் பொருளியலைத் தாங்கும் பெண்ணுக்கு அவ்வார்ப்பில் இடம் குறைவு.

பிற்காலத்தில் களம் தெற்கே பெயர்ந்தது. பாரதிராசாவின் ‘கடலோரக் கவிதைகள்’ (1986), சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012), மணிரத்னத்தின் ‘கடல்’ (2013), பரத்பாலாவின் ‘மரியான்’ (2013) ஆகியன தென்கடற்கரையையும் கிறித்தவ மீனவரையும் முன்னிறுத்தின. இவற்றால் வட்டாரமும் சமயமும் திரையில் இடம்பெற்றன என்பது நன்று. ஆனால் இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தமையால் தேவாலயமும் சிலுவையும் ஆர்ப்பரிக்கும் அலையுமே மீனவ ஊரின் பொது அடையாளம் ஆயின. பட்டினவரின் அம்மன் கோயில்களும், முகம்மதியர் தெருக்களும், டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவும், தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சும் உடைய பழவேற்காடு இவ்வடையாளத்துள் அடங்காது. கழி திரையில் தோன்றும்போதும் பாட்டுக்குரிய காட்சியாகத் தோன்றுமேயன்றித் தொழிற்களமாகத் தோன்றுதல் அரிது. சங்கப் புலவர் கழியையும் கடலையும் வேறு பிரித்து அறிந்தனர். திரைப்படம் அவ்வேறுபாட்டை இழந்துவிட்டது.

நாளிதழும் வானொலியும்

நாளிதழ்களின் நிலை வேறு. அவற்றின் தொழில் உலகியல் வழக்கே. ஆயினும் செய்தித் தலைப்புகளின் சொல்லமைப்பை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். கடலுக்குச் செல்லவில்லை, செல்ல வேண்டா, கைது செய்யப்பட்டனர், மீட்கப்பட்டனர் என எதிர்மறை வினையும் செயப்பாட்டு வினையுமே மீனவரைப் பற்றி மிகுதியும் வருகின்றன. உழவரைப் பற்றிய செய்தியில் விதைத்தலும் அறுத்தலும் உண்டு. மீனவரைப் பற்றிய செய்தியில் தொழில் நடந்த நாள் செய்தியாவதில்லை, தொழில் நின்ற நாளே செய்தியாகின்றது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதைப் படிப்போர் அறிவர். எஞ்சிய நாள்களில் அம்மக்கள் செய்யும் தொழிலின் நுட்பத்தை அறியார்.

பழவேற்காடு என்னும் பெயர் செய்தியில் வருமிடங்களும் எண்ணத்தக்கன. குளிர்காலத்துப் பூநாரைகளைக் காணச் செல்வோர்க்கு அது பறவைகளின் ஊர். 1980இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ரோகிணிச் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது முதல் ஸ்ரீஹரிகோட்டா நாட்டின் பெருமைக்குரிய பெயராயிற்று. ஏவும் நாளில் குறித்த கடற்பகுதிக்குச் செல்லலாகாது என்ற எச்சரிக்கையில் மட்டுமே பக்கத்து மீனவர் அச்செய்தியில் இடம்பெறுவர். 2011 திசம்பர் 25இல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது அது விபத்தின் ஊர். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து 2021இல் குரல் எழுந்தபோது அது போராட்டத்தின் ஊர். இவையனைத்தும் மெய்ச் செய்திகளே. ஆனால் இவற்றை மட்டும் படித்த ஒருவர், ஏரியைப் பறவைக்கும் ஏவூர்திக்கும் உரியதாக எண்ணிவிட்டு, ஒருநாள் மக்கள் திரண்டு தடுக்கும்போது, இவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று வியத்தல் கூடும். முகத்துவாரம் தூர்ந்தால் பாட்டு முறையே குலையும் என்பதை அறியாதார்க்கு அவர்தம் அச்சம் வெறும் பிடிவாதமாகத் தோன்றும்.

வானொலியின் கடல்வானிலை அறிவிப்பு உயிர் காக்கும் பணியாகும். எனினும் அது மீனவரிடம் பேசும் ஒலி. மீனவர் பேசும் ஒலியன்று. பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி இந்நிலையை மாற்ற முயன்றது. கேட்போரே சொல்வோராகும் வாய்ப்பு அங்கு உண்டாயிற்று. ஆனால் உள்ளிருந்து எழும் குரலும் முழுக்குரல் ஆகிவிடாது. பழவேற்காட்டில் அத்தகைய முயற்சி எழுந்தால், பாட்டுரிமை உடையார் மட்டுமே பேசுவரா, இறால் தடவும் இருளர் பெண்ணும் பேசுவாளா என்று நாம் வினவ வேண்டும்.

தடையும் விடையும்

கலை மக்கட்தொகைக் கணக்கன்று. கலைஞன் எல்லாக் குழுவையும் எண்ணிக் காட்டுதல் வேண்டுமோ எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். வேண்டா என்பதே எம் விடை. சங்கப் பாட்டும் எல்லாரையும் எண்ணிக் காட்டவில்லை. ஆனால் எடுத்துக்கொண்ட மாந்தரின் தொழிலை அறிந்து பாடிற்று. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) ஆகிய புதினங்கள் தொழிலறிவோடு கதை புனைதல் இக்காலத்தும் இயலும் என்பதைக் காட்டின. இவையும் தென்கடற்கரையைச் சார்ந்தனவே. வடகடற்கரைக் கழி வாழ்வு இன்னும் தனக்குரிய புனைகதையை எதிர்நோக்கி நிற்கின்றது.

காட்டப்படும் முறையால் வாழ்வும் பாதிக்கப்படுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது. படகும் வலையும் உடையவனே மீனவன் என்னும் வடிவம் மக்கள் மனத்திலும் அலுவலர் மனத்திலும் நிலைத்துவிடின், வெறுங்கையோடு நீரில் இறங்கும் பெண் உழைத்தும் மீனவராகக் கருதப்படாள். பெயர் பெறாதவர் உரிமை கேட்பதும் அரிது.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வலைகளின் பெயர், காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், பாட்டின் விதிகள் ஆகியவற்றை, பட்டினவர் வாயிலிருந்து மட்டுமன்றி இருளர், ஆதிதிராவிடர், மீன் விற்கும் பெண்டிர் ஆகியோர் வாயிலிருந்தும் முதுகலை மாணவர் தொகுத்தல் வேண்டும். நெய்தற் பாட்டுக்கு உரை காண்போர்க்கும் அத்தொகுப்புப் பயன்படும். கதை எழுதுவோர்க்கும் செய்தி எழுதுவோர்க்கும் அது உலகியல் வழக்கை மீட்டுத் தரும். முகத்துவாரம் தூர்வதும் இளைஞர் தொழில் மாறுவதும் தொடர்கின்றமையால், அச்சொற்கள் வழக்கில் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் நன்று.