வரைபடமும் வாய்மையும்

கிரிமியப் போரில் (1853–1856) ஆங்கிலப் படையில் நேர்ந்த இறப்புகளைப் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 1858இல் வண்ணப் படமாக வரைந்து வெளியிட்டார். உடல்நலச் செய்தியைக் கண்வழி உணர்த்திய முயற்சிகளுள் அது தலைசிறந்தது எனப் பலரும் பாராட்டுவர். அப்பாராட்டு எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

படத்தில் இரண்டு வட்டங்கள் உள. ஒவ்வொன்றும் பன்னிரு திங்களுக்குரிய பன்னிரு கூறுகளை உடையது. தடுக்கத்தக்க நோயால் இறந்தோரை நீலமும், புண்பட்டு இறந்தோரைச் சிவப்பும், பிற காரணங்களால் இறந்தோரைக் கருமையும் குறிக்கும். 1855 சனவரியில் அத்தகைய நோயால் மாண்டோர் 2,761 பேர்; புண்ணால் மாண்டோர் 83 பேர். பகைவரின் படைக்கலத்தினும் நோயே மிகுதியாகக் கொன்றது என்னும் உண்மை ஒரு நோக்கிலேயே விளங்கிவிடுகிறது.

வினை, பயன், மெய், உரு என உவமையை நால்வகைப்படுத்துவர் தொல்காப்பியர். இப்படத்தில் அளவு மெய்யாகவும் நிறம் உருவாகவும் நின்று பொருளை உணர்த்துகின்றன. மெய் பிறழின் பொருளும் பிறழும். அம்மையார் முதலில் வரைந்த படத்தில் இறப்பெண்ணை மையத்தினின்று செல்லும் கோட்டின் நீளத்தால் குறித்தார். அதனால் எண் இருமடங்காயின் பரப்பு நான்மடங்காகத் தோன்றிற்று. பின்னர்ப் பரப்பே எண்ணுக்கு ஒப்ப அமையுமாறு திருத்தினார். தம் கட்சிக்குத் துணைசெய்த மிகையைத் தாமே நீக்கிய இந்நேர்மை போற்றத்தக்கது.

ஆயினும் படம் கூறும் கதையில் ஒரு குறை உண்டு. முதல் வட்டம் 1855 மார்ச்சில் முடிகிறது. அடுத்தது ஏப்ரலில் தொடங்குகிறது. துப்புரவு ஆணைக்குழு ஸ்கூட்டாரிக்கு வந்து கழிவுநீர்க் கால்வாய்களைச் சீர்செய்யத் தொடங்கியது அம்மார்ச்சில்தான். பெரிய வட்டத்தையும் சிறிய வட்டத்தையும் அடுத்தடுத்துக் காண்போர், அப்பணி ஒன்றே இறப்பைக் குறைத்தது என முடிவு செய்வர். ஆனால் நோயிறப்பு பிப்ரவரியிலேயே 2,120 ஆகக் குறைந்திருந்தது. துப்புரவின் பயனை நாம் மறுக்கவில்லை. அது தொடங்குமுன்னரே இறக்கம் தொடங்கிற்று என்பதே நம் கருத்து. இவ்வெண்ணைப் படம் மறைக்கவில்லை. எனினும், வட்டங்களைப் பிரித்த முறை கண்ணை அதன்மேல் நிற்கவிடுவதில்லை.

முன்பின் நிகழ்ந்தவற்றைக் காரண காரியமாக இணைத்தல் கதையின் இயல்பு. நோயைப்பற்றிப் பொதுமக்களுக்கு உரைக்குங்கால் அவ்வியல்பே தீங்காதலும் கூடும். ஒருமுறை மிகையைக் கண்டு ஐயுற்றோர் மறுமுறை மெய்யையும் நம்பார். ஆதலின், இத்தகைய படம் எண்ணுக்கு உண்மையாயிருத்தலோடு காரணத்துக்கும் உண்மையாயிருத்தல் வேண்டும். அம்மையாரின் படம் முன்னதில் வென்றது. பின்னதில் ஒரு படி தாழ்ந்தது.