பொத்தான் இல்லாத ஊர்

‘ஃபால்அவுட் 3’ விளையாட்டில் மெகாட்டன் என்று ஓர் ஊர் வரும். அணுகுண்டுப் போரில் அழிந்த அமெரிக்காவில், வெடிக்காமல் கிடக்கும் ஒரு குண்டைச் சுற்றித் தகரக் கொட்டகைகளால் கட்டிக்கொண்ட ஊர். அதன் காவல் அதிகாரி குண்டைச் செயலிழக்க வைக்கச் சொல்கிறார். சாராயக் கடையில் இருக்கும் கோட்டுக்காரர் ஊரையே வெடிக்க வைத்தால் 500 காசு என்கிறார். தூரத்து மாளிகையில் வாழும் பணக்காரருக்கு இந்த ஊர் கண்ணை உறுத்துகிறதாம். மாளிகையின் பால்கனியில் நின்று பொத்தானை அமுக்கினால் போதும்.

கல்லூரி விடுமுறையில் என் நண்பன் அமுக்கினான். என் ஆட்டத்தில் என்னால் முடியவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “அந்த ஊர்ல யாருய்யா இருக்காங்க?” என்று கேட்டதுதான் காரணம். சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் திரி வெட்டப் போனவர் அவர். எங்கள் பக்கம் பகலில் பெரிய சத்தம் கேட்டால் எல்லோரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். அடுத்த கேள்வி இதுதான்: அங்கே யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள்?

2008இல் இந்த விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் வெளியிடவில்லை. கலாச்சார உணர்வுகள் என்று பொதுவாகச் சொன்னார்கள். விளையாட்டில் வரும் இரட்டைத் தலை மாட்டுக்கு ‘பிராமின்’ என்று பெயர், அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். நம் நம்பிக்கை மாட்டின் பெயரில் புண்படும் என்று நினைத்தார்கள் போல. என் கையைத் தடுத்தது மாடு இல்லை.

அதே விளையாட்டு ‘கர்மா’ என்ற நம் சொல்லை மதிப்பெண்ணாக வைத்திருக்கிறது. திருடினால் குறையும், தாகத்தில் கிடக்கும் பிச்சைக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் ஏறும். கொன்றதைத் தண்ணீர் பாட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொள்ளலாம். சிரிக்கத் தோன்றும். ஆனால் விபத்து நடந்த மறு வருஷம் கோயிலில் அன்னதானம் போட்டுக் கணக்கை நேர் செய்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்தானே?

மெகாட்டனில் குண்டையே கும்பிடும் பூசாரி ஒருவர் உண்டு. குண்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் நின்று பிரசங்கம் செய்வார். விளையாட்டு அவரைக் கிறுக்கராகத்தான் காட்டுகிறது. எனக்கு அவர் அந்நியமாகத் தெரியவில்லை. ஆயுத பூஜையன்று பட்டாசு ஆபீஸில் சாமான்களுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற கூட்டம் நாங்கள். சோறு போடுவதும் அதுதான், கொல்வதும் அதுதான் என்று தெரிந்தே கும்பிடுகிறோம்.

ஊரை எரிக்கும் கதை நமக்கும் புதிதில்லை. சிவகாசியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் மதுரை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அந்த நகரத்தை எரிக்கும்போதுகூட முதியவர், குழந்தை, பசு என்று யாரையெல்லாம் தொடக்கூடாது என்று தீயிடம் சொல்லித்தான் அனுப்புகிறாள். விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் சாதி இருக்கிறது, அதோடு நாம் சண்டை போடலாம். ஆனாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற என் அம்மாவின் கேள்வி அவளிடமும் இருக்கிறது. மெகாட்டன் பொத்தானில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

விளையாட்டின் பெரிய குறையாக எனக்குப் படுவது வேறு. அது பாவத்துக்கு ஒரு கை வேண்டும் என்று நினைக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிப்போனவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ஒவ்வொரு முறையும் பேப்பரில் ஒரே சொல்: ‘உராய்வு’. மருந்து உராய்ந்ததாம். உள்குத்தகை, அறையில் அளவுக்கு மேல் ஆட்கள், தீபாவளி அவசரம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். யாரும் பொத்தானை அமுக்கவில்லை. யாருக்கும் கர்மா குறையவில்லை.

இன்னொன்று. மெகாட்டன் குண்டைச் செயலிழக்க வைத்தால் ஊர் பிழைத்துவிடும். எங்கள் ஊரில் குண்டை எடுத்தால் அடுப்பும் அணையும். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றபோது, பேரியம் போனால் பொழப்பும் போகும் என்று பயந்தவர்கள் அதே மருந்தில் கை வெந்தவர்கள்தான். இப்படி ஒரு தேர்வை எந்த விளையாட்டும் என்னிடம் வைத்ததில்லை. மதிப்புகள் உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நண்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனும் எங்கள் ஊர்தான். அவன் அப்பா பட்டாசு லோடு ஏற்றுகிறவர். “எப்படிடா அமுக்குன?” என்று கேட்டேன். “கேம்லயாவது நாம அமுக்குவோம்டா. இங்க யாரு அமுக்குறான்னே தெரிய மாட்டேங்குது” என்றான்.

அவன் தேர்வைத் தப்பு என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.