காதால் பார்த்த படங்கள்

பழைய அறிவியல் புனைவுப் படங்களை வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே பார்த்து முடிப்பது என்று எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். தொடக்கம், 1902இல் ஜார்ஜ் மெலியேஸ் எடுத்த நிலவுப் பயணம். முடிவு, 1982இன் 'பிளேட் ரன்னர்'. இடையில் அலுப்புத் தட்டினாலும் ஓட்டிவிடக் கூடாது. கையில் போன் கூடாது. ஹெட்ஃபோன் மாட்டித்தான் பார்க்க வேண்டும். கடைசி விதி வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டுமே என்பதற்காகப் போட்டது. இந்தப் படங்களில் எனக்குக் கிடைத்த ருசியில் பெரும்பகுதி அந்த விதியால்தான் வந்தது. கண்ணுக்குக் காட்டப்பட்டவை பலவும் நரைத்துவிட்டன. காதுக்குத் தரப்பட்டவை இன்னும் கறுகறுவென்று இருக்கின்றன.

மௌனப் படங்களுக்கும் இது பொருந்தும். ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' 1927இல் வெளியான கையோடு வெட்டப்பட்டுச் சிதைந்தது. தொலைந்த காட்சிகளில் பெரும்பாலானவை 2008இல் போனஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதியில் அகப்பட்டன. எந்தக் காட்சி எங்கே வர வேண்டும் என்று தீர்மானிக்கக் கைகொடுத்தது, காட்ஃப்ரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிவைத்த இசைத்தாள். அதில் அவர் காட்சிக் குறிப்புகளையும் சேர்த்தே எழுதியிருந்தார். மௌனப் படத்தை இசை மீட்டது.

1951இன் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் ரோபோ நடக்கும்போது முழங்கால் பக்கம் உடை சுருங்குவது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின்களை ஊளையிட விட்டதும் சுருக்கத்தை யார் பார்க்கிறார்கள்? தொடாமல், காற்றில் கையசைத்து வாசிக்கும் கருவி அது. பிறகு வந்த மட்டமான படங்கள் அத்தனையும் அதையே பிடித்துக்கொண்டு அழவைத்துவிட்டன.

ஜப்பானின் 'காட்ஸில்லா' வந்தது 1954 நவம்பரில். அதே ஆண்டு மார்ச்சில்தான் பிகினியில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியிருந்தது. ரப்பர் உடைக்குள் ஒரு மனிதர் நுழைந்து பொம்மை டோக்கியோவை மிதிக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும், சிரிப்புக்கூட வரலாம். அந்த உறுமல் சிரிக்க விடாது. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தேய்த்த தோல் கையுறையால் அதை இழுக்க வைத்து, பதிவான ஒலியின் வேகத்தைக் குறைத்து உருவாக்கியது அது. எந்த மிருகத்தின் குரலும் அதில் இல்லை. கோபமா வலியா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. படத்தின் அரசியல் முழுவதையும் அந்த ஒற்றை ஒலி சுமக்கிறது என்றே சொல்வேன்.

என் பட்டியலின் உச்சம் 1956இன் 'ஃபர்பிடன் பிளானட்'. கதை சுமார்தான், விஸ்கிக்கு அலையும் சமையல்காரர் வரும் காட்சிகள் இன்று பெரிய சோதனை. ஆனால் அதன் இசை! நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் வசித்த லூயி பாரன், பெபே பாரன் தம்பதி செய்தது. லூயி வால்வுகளை வைத்துச் சுற்றுகளைக் கட்டுவார். தாங்க முடியாத அளவுக்கு அவற்றில் மின்சாரத்தை ஏற்றுவார். சுற்று முனகும், துடிக்கும், கிறீச்சிடும், கடைசியில் எரிந்து போகும். செத்த சுற்று செத்ததுதான். அதே ஒலியை மறுபடி எடுக்க முடியாது. ஒலிநாடாவில் விழுந்ததை மணிக்கணக்காகக் கேட்டு, எதில் இசை இருக்கிறது என்று பொறுக்கியெடுப்பவர் பெபே. இசைக்கலைஞர் சங்கம் வம்புக்கு வருமோ என்று பயந்த ஸ்டுடியோ, 'இசை' என்று போடாமல் 'மின்னணு ஒலிகள்' என்கிற மாதிரி எழுத்துப் போட்டது. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. படம் பார்க்கும்போது இது கப்பலின் இரைச்சலா, அந்தக் கிரகத்தின் காற்றா, பின்னணி இசையா என்று பிரிக்கவே முடிவதில்லை. படத்தில் வரும், கண்ணுக்குத் தெரியாத அரக்கன் நெருங்கும் இடத்தில் நாம் கேட்பது, ஏதோ ஒரு வால்வு உயிரை விடும் ஓசை.

1963க்கு வரும்போது வரிசையில் நம் ஊர்ப் படமும் சேர்ந்துகொள்கிறது. ஏ. காசிலிங்கம் இயக்கி எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி'. விஞ்ஞானத்தில் முன்னேறிய ஒரு கிரகம். கலை மட்டும் அங்கே இல்லை. ஆகவே பூமியிலிருந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். தந்திரக் காட்சிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஆனால் ஹாலிவுட்டின் வேற்றுக்கிரகவாசிகள் நம் நிலத்துக்கும் உடலுக்கும் ஆசைப்பட்டு வந்துகொண்டிருந்த காலத்தில், பாட்டுக்காக ஒரு கூட்டம் இறங்கி வந்தது என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

1968இன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யைப் பற்றி எழுதாதவர் இல்லை. இசைக்கென்று அமர்த்தப்பட்ட அலெக்ஸ் நார்த் எழுதித் தந்ததை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ராஸையும் லிகெட்டியையும் இயக்குநர் குப்ரிக் வைத்துக்கொண்டதும் தெரிந்த கதைதான். ஹெட்ஃபோனில் என்னை உலுக்கியது வேறு. விண்வெளி வீரர் கப்பலுக்கு வெளியே மிதக்கும்போது அவருடைய மூச்சு மட்டுமே கேட்கிறது, நிமிடக்கணக்கில். நம் மூச்சும் தானாக அந்தத் தாளத்துக்குப் போய்விடுகிறது. சட்டென்று அது நிற்கிறது. தூரத்தில் ஓர் உடல் சுழன்று போகிறது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு, கொலைகாரக் கணினி ஹால் அணைக்கப்படும்போது 'டெய்ஸி பெல்' பாடுகிறது. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஐபிஎம் கணினியைப் பாட வைத்த அதே பாட்டு. குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் கிளார்க், அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அதை நேரில் கேட்டிருந்தார். ஹாலுக்காகப் பேசிய, படம் முழுக்கப் பதறாத டக்ளஸ் ரெய்னின் குரல், இழுபட்டு இழுபட்டுத் தாழ்ந்து போகிறது. படத்தில் எந்த மனிதரின் சாவுக்கும் வராத துக்கம் எனக்கு அங்கே வந்தது.

தார்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) ஒலியால் நம்மை இழுத்துப்போகும் இந்த வித்தையை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. மூன்று பேர் தண்டவாள டிராலியில் போகிறார்கள். காமிரா பெரும்பாலும் அவர்களுடைய பிடரியையும் முகங்களையும் விட்டு நகர்வதில்லை. சக்கரத்தின் தடக் தடக் மெல்ல மெல்ல எதிரொலி பூண்டு, எந்தக் கணத்தில் என்று பிடிபடாமலே எட்வர்ட் அர்தேமியெவின் மின்னணு இசையாகிவிடுகிறது. கிராஃபிக்ஸ் இல்லை, விண்கலம் இல்லை. ஆனாலும் வேறோர் உலகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று காது சொல்லிவிடுகிறது. வண்ணம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

'பிளேட் ரன்னர்' ஒலியால் கெட்டு, ஒலியை நீக்கியதால் பிழைத்த படம். முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்று, 1982இல் ஹாரிசன் ஃபோர்டின் குரலில் விளக்கவுரை சேர்த்தார்கள். மனசே இல்லாமல் பேசியது போன்ற குரல். 1992 பதிப்பில் அது போனது. அதன் அடியில் புதைந்து கிடந்த மழையும், நகரத்தின் இரைச்சலும், யமஹா சிஎஸ்-80இல் வாஞ்ஜெலிஸ் இழைத்த நீண்ட சுரங்களும் மேலே வந்தன. பார்க்கப் போகிறவர்கள் ரிட்லி ஸ்காட் தன் விருப்பப்படி முடித்த 2007 பதிப்பைத் தேடிப் பிடியுங்கள், டி.வி. ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள்.