வேலைக்குப் பிந்தைய துணை: வெள்ளக்கடையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அரசு உதவித்தொகையையும் நிவாரண வேலையையும் நம்பியிருந்த ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் முதன்முறையாக மாதச் சம்பள வேலைக்குச் செல்லும்போது, அவர் அதில் நிலைத்து மேலும் உயர்வதற்காக ஒரு பணியாளரைப் பொறுப்பாக்கி, தங்குமிடம், சம்பளத் தகராறு, குழந்தைப் பராமரிப்பு, அடுத்த வேலைக்கான தேடல் ஆகிய அனைத்திலும் உடனிருந்து உதவச் செய்யும் முறையைத் தொடர்துணை எனலாம். இந்தியாவில் அது தனித் திட்டமாக இல்லை. ஆயினும் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கியதும், தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கத்தின் வழியாக நடைபெறுவதுமான தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா என்னும் ஊரக இளைஞர் திறன்பயிற்சித் திட்டத்தின் விதிகளில் அதன் முக்கியக் கூறுகள் இடம்பெற்றுள்ளன. வேலை வாங்கித் தருவதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை ஏற்றதே இவ்விதிகளின் முதற்சிறப்பு.

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டாரத்தைச் சேர்ந்த வெள்ளக்கடை போன்ற மலை ஊராட்சிகளில் இத்தகைய துணையின் தேவை தெளிவாகத் தெரியும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகப்படுத்தியது முதல், இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரின் கூலி வாழ்வு தோட்டங்களோடு பிணைந்துள்ளது. கார்த்திகையில் தொடங்கித் தை, மாசி வரை நீளும் பழம் பறிப்பும், அதையொட்டி வரும் மிளகு பறிப்பும் முடிந்தபின் வேலை குறைந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களை அரசின் ஊரக வேலைத் திட்டமும் ரேஷன் அரிசியும் மகளிர் உரிமைத் தொகையும் தாங்குகின்றன. அங்கிருந்து திருப்பூருக்கோ ஓசூருக்கோ செல்லும் இளைஞர் புதிய தொழிலைக் கற்பதோடு, விடுதி அறை, சுழல்நேர வேலை, சம்பளப் பிடித்தம், அறிமுகமற்ற மேற்பார்வையாளர் ஆகியவற்றையும் ஒருசேரச் சந்திக்க வேண்டியுள்ளது.

மேற்கூறிய திட்டத்தின் தொடக்க விதிமுறைகள் இச்சுமையை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டுள்ளன. சொந்த மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 2 மாதங்களும், மாநிலத்துக்குள் வேறு மாவட்டமெனில் 3 மாதங்களும், வெளிமாநிலமெனில் 6 மாதங்களும் மாதம் 1,000 ரூபாய் ஆதரவுத்தொகை வழங்க அவை வகைசெய்தன. ஒருவர் ஓராண்டு வேலையில் நீடித்தால் பயிற்சி நிறுவனத்துக்கு 3,000 ரூபாயும், பயிற்சி முடித்த ஓராண்டுக்குள் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட மாதச் சம்பளத்தை எட்டி அதில் 90 நாள் நிலைத்தால் 5,000 ரூபாயும் ஊக்கத்தொகையாகக் குறிக்கப்பட்டன. நிலைத்திருப்பதையும் உயர்வதையும் தனித்தனியே மதித்துப் பணம் ஒதுக்கியது அரிய முன்யோசனை.

குறை, துணையை வழங்குபவர் யார் என்பதில் தொடங்குகிறது. பயிற்சியளித்து, வேலையில் சேர்த்து, அந்தச் சேர்க்கைக் கணக்கால் தவணைப் பணம் பெறும் நிறுவனமே தொழிலாளியின் நலனையும் கண்காணிக்கிறது. வேலை தந்த ஆலையில் கூடுதல் நேரக் கூலி மறுக்கப்பட்டால், அடுத்த பயிற்சி அணிக்கும் அதே ஆலையை நாட வேண்டியிருக்கும் நிறுவனம் தொழிலாளியின் பக்கம் நின்று பேசும் என்று எதிர்பார்ப்பது கடினம். அந்நிலையில் தொடர்துணை சம்பளச் சீட்டைச் சேகரிக்கும் தொலைபேசி அழைப்பாகச் சுருங்கிவிடும் அபாயம் உண்டு.

பரிவான விசாரிப்பு மட்டும் போதாது என்பதற்குப் பிற நாடுகளின் சான்று வலுவானது. அமெரிக்காவில் 1990களின் நடுவில் சிகாகோ, போர்ட்லாண்ட், ரிவர்சைடு, சான் அந்தோனியோ ஆகிய நான்கு நகரங்களில், உதவித்தொகை பெற்றுவந்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் தனிப் பணியாளர் துணை அளிக்கப்பட்டது. துணை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது வருமானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. தேவை மிகுந்தவர், தாமாகவே சமாளிக்கக்கூடியவர் என்ற பிரிப்பின்றி எல்லோருக்கும் துணை வழங்கப்பட்டது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. எம்.டி.ஆர்.சி. என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் பின்னர் மதிப்பிட்ட பன்னிரண்டு முயற்சிகளில் மூன்று மட்டுமே நீடித்த பலன் தந்தன. அவற்றுள் டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் முழுநேர வேலையில் நீடித்தவருக்கு மாதம் 200 டாலர் கிடைத்தது. சிகாகோவில் மேலான சம்பளமுள்ள வேறு வேலைக்கு மாற வழி காட்டப்பட்டது. ரிவர்சைடில் வேலையிழந்தவரை மீண்டும் விரைவில் வேலையில் சேர்க்கும் பணி சமூக அமைப்புகளிடம் விடப்பட்டது. பிரிட்டனில் 2003இல் தொடங்கிய இதையொத்த முயற்சியிலும், ஆலோசகரின் துணையோடு ரொக்க ஊக்கத்தொகையும் பெற்றவர்களுள் நெடுங்காலம் வேலையின்றி இருந்தோரிடம் பலன் நிலைத்தது. தனித்து வாழும் பெற்றோரிடம் அது விரைவில் மங்கியது. ஆலோசனை கூறுபவரின் கையில் பணமோ, வேறு வேலைக்கான தொடர்போ இருந்த இடங்களிலேயே அவருடைய சொல் பயன்பட்டது என்பது இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு.

இம்முடிவை வெள்ளக்கடைக்குப் பொருத்தும்போது, வேலையில் நிலைத்தல் என்ற அளவுகோலே மறுஆய்வுக்கு உரியதாகிறது. பறிப்புக் காலத்தில் ஊர் திரும்பும் மகன், தன் குடும்பத்துக்கு ஆண்டிலேயே அதிகக் கூலி கிடைக்கும் வாரங்களில் உடனிருக்க வருகிறான். இதைப் பொறுப்பின்மை என்று பதிவேடு எழுதுவது அநீதி. மோசமான விடுதியை விட்டு வெளியேறி, கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஆலையில் சேரும் பெண் உண்மையில் உயர்கிறாள். முதல் வேலையைவிட்டு விலகியதை மட்டும் பார்க்கும் கணக்கில் அவள் தோல்வியாகிறாள். மேலும், மகளிர் உரிமைத் தொகைக்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என்பதால், மகளின் மாதச் சம்பளம் 15,000 ரூபாயை எட்டும்போது, வீட்டில் சம்பாதிப்போர் மேலும் ஒருவர் இருந்தால் தாயின் 1,000 ரூபாய் நின்றுபோகக்கூடும். உயர்வு இழப்பைக் கொண்டுவரும் இத்தகைய இடத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது தொடர்துணையின் அடிப்படைக் கடமை.

செலவு கூடும் என்ற எதிர்வாதம் உண்மையானது. ஒரு பணியாளர் சிலரையே நெருக்கமாகக் கவனிக்க முடியும். ஆனால் முதலில் எல்லோருக்கும் துணை தேவையில்லை. குடும்பத்தில் முதல் சம்பளக்காரராக, மலையை விட்டு வெகுதொலைவு சென்றவர்களைத் தேர்ந்துகொண்டாலே போதும். ஊரில் ஏற்கெனவே இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வீட்டுநிலையை அறியும். ஆலையுள்ள ஊரில் பேசுவதற்கு மட்டும் தனியாள் வேண்டும். ஆதலால் ஊரக வாழ்வாதார இயக்கம் தொடர்துணையைப் பயிற்சி நிறுவனங்களிடமிருந்து பிரித்து, அக்குழுக்களின் ஊர்க் கூட்டமைப்பின் பொறுப்பில் வைத்து, இரண்டாவது வேலையையும் வெற்றியாகக் கணக்கிட்டு, குறைந்தது ஓராண்டுக்கு நிதியளிக்க வேண்டும்.