வீட்டிலிருந்து பண்ணைக்கு: டிபி-லிங்க் சிபிஇ510

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெரும்பாலும் ஊரைவிட்டுத் தள்ளிக் காட்டுக்குள்தான் இருக்கின்றன. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஷெட்டில் கேமரா தொங்கும். இரண்டையும் இணைக்க கேபிள் இழுத்து முடியாது. அந்த இடத்துக்கு ஏற்ற வயர்லெஸ் கருவி டிபி-லிங்கின் சிபிஇ510. இந்த முனைக்கு ஒன்று, அந்த முனைக்கு ஒன்று. இது ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசே திறந்துவிட்டது.

13 டிபிஐ ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது. 24 வோல்ட் மின்சாரம் லேன் கேபிள் வழியாகவே மேலே ஏறுகிறது. அட்டைப் பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் ஈதர்நெட் போர்ட் 100 தான். எட்டு கேமராவுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று கம்பம் நட்டுவிடுகிறார்கள். போதாது. 2 கிலோமீட்டர் இணைப்பின் நட்டநடுவில் அலை சுமார் 5 மீட்டர் ஆரத்துக்கு விரிகிறது; அதில் அறுபது சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். வழியில் தென்னந்தோப்பு இருந்தால் மட்டைக்கு மேல் 3 மீட்டர் விட்டுத்தான் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யணும். தென்னை வளரும், அதையும் சேர்த்து. சிக்னல் மைனஸ் 65 டிபிஎம்மை ஒட்டி நின்றால் நிம்மதி.

மெனுவில் தூரத்தைக் குறிக்கும் இடத்தைப் பலரும் தொடுவதில்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் மையங்களோடு நீண்ட தூர வைஃபையில் இணைத்த பெர்க்லி ஆய்வாளர்கள் மல்லுக்கட்டியதும் இந்தத் தூரச் சிக்கலோடுதான். தகவல் கிடைத்தது என்ற பதில் வந்துசேரும் முன்பே சாதாரண வைஃபை பொறுமையிழந்து மறுபடி அனுப்பிவிடும். தூரத்தைச் சரியாகக் குறித்தால் கருவி அதற்கேற்பக் காத்திருக்கும்.

அடுத்தது, பிரிட்ஜா ரௌட்டரா? கேமராவுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் பிரிட்ஜ். வீட்டுக் கருவியை ஆக்சஸ் பாயின்ட்டாகவும் பண்ணைக் கருவியை கிளையன்ட்டாகவும் வையுங்கள். இரண்டுக்குமே ஆரம்ப முகவரி 192.168.0.254, ஒன்றை மாற்றாவிட்டால் முட்டிக்கொள்ளும். அதன்பின் இரண்டு முனையும் ஒரே நெட்வொர்க். வீட்டு ரௌட்டரே பண்ணைக்கும் ஐபி கொடுக்கும், காட்சிகளைப் பதிவு செய்யும் என்விஆர் தானாகவே கேமராக்களைத் தேடிப் பிடிக்கும். ரௌட்டர் முறையில் முகவரியை மாற்றும் நேட் குறுக்கே நிற்பதால் ஒவ்வொரு கேமராவுக்கும் போர்ட் திறந்துவிட வேண்டியிருக்கும்.

பண்ணையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்பவர்களுக்கும் இணையம் கொடுக்கும்போது கதை மாறுகிறது. யாராவது பழைய வைஃபை ரௌட்டரின் லேன் போர்ட்டை, கேமராக்கள் இணைந்திருக்கும் ஸ்விட்சில் செருகினால் போதும். அது தன் பங்குக்கு ஐபி வழங்கத் தொடங்கும், பிரிட்ஜ் அதை வீடு வரை கொண்டுவந்துவிடும். இரண்டு பக்கமும் இணையம் படுத்துவிடும், காரணம் பிடிபடாது. அதனால் அவர்களுக்குத் தனி ரௌட்டர் வாங்கி, அதன் வான் போர்ட்டை ஸ்விட்சோடு இணைத்துக் கொடுங்கள். ரேடியோ இணைப்பு பிரிட்ஜாகவே இருக்கட்டும்.

சித்திரை இடிக்கு வெட்டவெளிக் கம்பம்தான் முதல் இலக்கு. இரண்டு முனையிலும் எர்த்தும் சர்ஜ் அரெஸ்டரும் போடாமல் இந்தக் கருவியை மாட்டச் சொல்ல மாட்டேன். தூரம் இன்னும் அதிகம் என்றால் 23 டிபிஐ டிஷ்ஷோடு வரும் சிபிஇ610 பாருங்கள்.