அதே கதிரை

இலங்கையின் கிழக்கே நாவிதன்வெளியில் 13 வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் களவில் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனை விசாரிக்க வேண்டியது சிறுவர் நீதிமன்றம். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சிறுவர் நீதவான் நியமிக்கப்படாத இடத்தில் அப்பகுதி நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமரலாம் என்பதும் அதே சட்டம்தான். தனிச் சிறுவர் நீதிமன்றங்கள் பம்பலப்பிட்டி, பத்தரமுல்லை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து வரும் நம் பையன், கசிப்பு வழக்கையும் வாகன வழக்கையும் கேட்கும் அதே கதிரைக்கு முன்தான் நிற்பான். நாள் வேறு, அல்லது அறை வேறு.

இதில் நல்லதும் உண்டு. நீதவான் சட்டம் படித்தவர். "இவன்தான் எடுத்திருப்பான்" என்ற ஊர்ப்பேச்சைச் சாட்சியமாக ஏற்கமாட்டார். அவர் பிழைவிட்டால் மேன்முறையீடு இருக்கிறது. எல்லாவற்றையும்விட, அவர் ஊருக்கு அந்நியர். நீதிச் சேவை ஆணைக்குழு அனுப்ப வந்து, சில வருடங்களில் மாற்றலாகிப் போகிறவர். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்தப் பக்கத்தில் அந்த அந்நியத்தனத்துக்குத் தனி மதிப்பு.

சிக்கல் வேறிடத்தில். தண்டனைச் சட்டக்கோவைக்கு 2018ஆம் ஆண்டு வந்த திருத்தம் குற்றப் பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். சட்டப் படிப்பு மட்டும் இதற்குப் போதாது. பையனின் வீடு, பள்ளிக்கூடம், பசி எல்லாம் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையாகச் சில பக்கங்களில் மேசைக்கு வருகின்றன. மாரியில் தாம்போதி மூழ்கும்போது அந்த வீட்டுக்குப் போய்வருவதே பெரும்பாடு.

இந்தியா வேறு வழி கண்டது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி நீதித்துறை நடுவரோடு இரு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண். அவர்களுக்குக் குழந்தைகளோடு 7 வருடச் செயல் அனுபவமோ உளவியல் போன்ற துறைப் பட்டத்தோடு தொழில் அனுபவமோ வேண்டும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைதான். அதாவது சட்டம் படிக்காத இருவர் சேர்ந்து நடுவரை மீறலாம். குற்றம் நிரூபணமானதா என்ற கேள்வியில் இது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, விடுதிக்கா என்பதில் அவர்கள் குரல் வேண்டும். இங்கே அப்படி இருவரை நியமித்தால், தகுதிக்கு முன் ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் என்ற கணக்குத்தான் எழும். அப்படி வந்து அமரும் இளைப்பாறிய அதிபருக்குப் பையனின் தகப்பனையும் தெரியும், பழைய காணிச் சண்டையும் தெரியும்.

ஊரவரே அமரும் கதிரை ஒன்று இங்கே ஏற்கெனவே உண்டு. முஸ்லிம் பிள்ளையின் தாபரிப்பைத் தீர்ப்பவர் காதி. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்றது. சட்டப் பட்டம் கேட்கவில்லை. சட்டத்தரணி அங்கே தோன்றவும் விடவில்லை. செலவில்லை, பேச்சுத் தமிழே போதும். ஆனால் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு எதிரே இருப்பவர் எப்போதும் ஆண். அச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோதும், பெண் காதி பற்றி இரண்டாகப் பிரிந்தே நின்றது. காதி விதித்த பணத்தைத் தகப்பன் கட்டாவிட்டால்? அதை அறவிடும் வேலை நீதவானுக்கு, அதே கதிரைக்கு, வருகிறது.